மழை வருமுன் வானொலியோடு பழகுங்கள்

(வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜெனரேட்டருக்கு டீசல், சம்ப்புக்குள் மழைநீர் புகாமல் தடுப்பு, கீழ்த்தளத்து வண்டிகளை எங்கே நிறுத்துவது, மொட்டை மாடி வடிகாலில் அடைப்பு. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் நாம் பேசுகிற பட்டியல் இது. இந்த ஆண்டு இதில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் பிளாக்குக்கு ஒன்றாவது, பேட்டரியில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டி. அதுவும் பண்பலை மட்டும் எடுக்கிற பெட்டி போதாது. எஃப்.எம். என்கிற பண்பலை, எம்.டபிள்யூ. என்கிற மத்திய அலை, எஸ்.டபிள்யூ. என்கிற சிற்றலை, மூன்றையும் எடுக்கிற பெட்டி வேண்டும்.

"கையில் போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2015 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த பிற்பகலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவையும் நினைத்துப் பாருங்கள். சென்னையின் பல பகுதிகளில் முதலில் மின்சாரம் போனது. பிறகு போன்களில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜ் வைத்திருந்தவர்களுக்கும் சிக்னல் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

போனில் ஒரு செய்தி நமக்கு வந்து சேர, நம் போனில் சார்ஜ் இருக்க வேண்டும், டவர் நிற்க வேண்டும், டவருக்கு மின்சாரமோ டீசலோ வேண்டும், அங்கிருந்து போகும் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் எல்லாம் போயிற்று. வானொலிக்கு அந்தச் சங்கிலியே இல்லை. எங்கோ ஓர் ஒலிபரப்பி, இங்கே நம் கையில் ஒரு பெட்டி. நடுவில் இருப்பது காற்றுவெளி மட்டும். ஒலிபரப்பி நம் ஊரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாம் வெள்ளத்தில் இருக்கும்போது அது திருச்சியில் மழை படாத இடத்தில் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம்.

ஆனால் நான் வலியுறுத்த வந்தது வாங்குவதைப் பற்றி அல்ல. பழகுவதைப் பற்றி. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அது ஒரு டப்பா. புயல் இரவில், இருட்டில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, "இதில் எதைத் திருப்பினால் செய்தி வரும்?" என்று தேடினால் ஒன்றும் வராது. எந்த நிலையம், எந்த எண்ணில், எந்த நேரத்தில், நம் வீட்டின் எந்த ஜன்னலில் எடுக்கும் என்பது மழைக்கு முன்பே ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

மூன்று அலைகள், மூன்று தூரங்கள்

பண்பலை கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரிகிற தூரம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரமான கோபுரத்திலிருந்து ஊரும் சுற்றுவட்டாரமும் கேட்கும். ஒலி தெளிவாக இருக்கும். சென்னையில் ஆகாசவாணியின் ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸில் வருவது பலருக்கும் தெரியும். மழைநாளில் முதலில் திருப்ப வேண்டியது பண்பலைதான். உள்ளூர்ச் செய்தி அங்கேதான் கிடைக்கும்.

மத்திய அலை தரையை ஒட்டிப் போவது. கட்டடம், மேடு பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி பல மாவட்டங்களை எட்டும். சென்னை நிலையம் 720 கிலோஹெர்ட்ஸ். நம் பாட்டிமார் சமையலறையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த அதே அலைதான். சூரியன் மறைந்ததும் இந்த அலைக்கு இன்னொரு பாதை திறக்கும். வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் விழும். ஆகவே இரவில் 936இல் திருச்சி, 612இல் பெங்களூரு, 738இல் ஹைதராபாத், 837இல் விஜயவாடா என்று தேடிப் பாருங்கள். சென்னையின் நிலையங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால் திருச்சி சொல்லும் மாநிலச் செய்தி நமக்குப் போதும். விளையாட்டாகத் தேடுவதுபோல் இருக்கும், ஆனால் இது நம் இரண்டாவது வழி.

சிற்றலை மூன்றாவது. இது உலகம் சுற்றுவது. நம் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று லண்டனில் இருப்பவர் சொல்லப்போவதில்லை. அதனால் சிற்றலைப் பெட்டி வாங்கினால் மழைச் செய்தி கொட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். அருகில் உள்ள எல்லாம் ஓய்ந்த பின்னும் ஓயாமல் இருப்பது என்பதே அதன் பயன். அதோடு, ஆண்டில் மழை பெய்யாத மற்ற நாட்களில் நம்மைப் பெட்டியைத் தொட வைப்பதும் அதுதான். தினமும் தொடுகிற பெட்டிதான் அவசரத்துக்கு வேலை செய்யும்.

சிற்றலை ஏன் இரவில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி?

பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் இருக்கின்றன. அயனி மண்டலம் என்று பள்ளியில் படித்திருப்போம். சிற்றலை அதில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. குளத்தில் தட்டையான ஓட்டுச் சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல் பூமிக்கும் வானுக்கும் இடையே தத்திப் போகிறது. ஒரே தத்தலில் 3,000 கிலோமீட்டர் போவது சாதாரணம். நடுவில் இருப்பவருக்குக் கேட்காமல் தொலைவில் இருப்பவருக்குக் கேட்பதும் இதனால்தான்.

பகலில் கீழடுக்கு ஒன்று உருவாகி, குறைந்த எண்ணுள்ள அலைகளை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கலைந்துவிடும். அதேபோல் இரவில் மேலடுக்கு மெலிவதால், மிக அதிக எண்ணுள்ள அலைகள் திரும்பி வராமல் விண்வெளிக்கே போய்விடும். ஆகவே எளிய கணக்கு இது: 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இரவில் தேடுங்கள், அதற்கு மேலே பகலில் தேடுங்கள். விடியலும் அந்தியும் இரண்டுக்கும் நல்ல நேரம்.

பெட்டியில் 49 மீ, 31 மீ, 19 மீ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். 9.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் 31 மீட்டர் அலை. 49, 41, 31 மீட்டர்கள் இரவுக்கு. 25, 19, 16 மீட்டர்கள் பகலுக்கு. 49 மீட்டர் என்பது 5,900 கிலோஹெர்ட்ஸிலிருந்து 6,200 வரை. 31 மீட்டர் 9,400 முதல் 9,900 வரை. 25 மீட்டர் 11,600 முதல் 12,100 வரை. 19 மீட்டர் 15,100இல் தொடங்குகிறது. இந்த நான்கை மட்டும் மனதில் வைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

குரல் ஏறி இறங்கி, அலை அலையாக வந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரே ஒலி இரண்டு மூன்று பாதைகளில் வந்து சேரும்போது ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. சில நாள் பகலில் சிற்றலை முழுவதுமே திடீரென ஊமையாகும். சூரியனில் வெடிப்பு நேர்ந்தால் பகல் பக்கத்தில் அப்படி ஆவதுண்டு. சிறிது நேரத்திலோ சில மணி நேரத்திலோ சரியாகிவிடும்.

என்ன கேட்கலாம்?

நம்மில் மூத்தவர்களுக்கு சிற்றலை என்றால் இலங்கை வானொலிதான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று பெயர் சொன்னாலே குரல் காதில் வரும். பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை சிற்றலையில் ஒலித்தது. அந்த அளவுக்கு இன்று தமிழ் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல நாடுகள் சிற்றலை ஒலிபரப்பிகளை மூடிவிட்டு இணையத்துக்குப் போய்விட்டன. ஆகாசவாணியும் பெரும்பாலான சிற்றலை ஒலிபரப்புகளை நிறுத்திவிட்டது.

ஆனாலும் பிபிசி உலக சேவையின் ஆங்கில ஒலிபரப்பு தெற்காசியாவுக்குக் காலையிலும் மாலையிலும் வருகிறது. சீன வானொலி பல மொழிகளில் பல எண்களில் நிறைந்திருக்கிறது. அரபு இசை, பாரசீகப் பேச்சு என்று மொழி புரியாவிட்டாலும் கேட்க நன்றாக இருப்பவை நிறைய. குழந்தைகளுக்கு ஒரு உலகப் படத்தைக் கொடுத்து, இன்று எந்த நாடு கேட்டது என்று குறிக்கச் சொல்லுங்கள். விடுமுறை நாட்களில் அவர்கள் கையிலிருந்து போனை வாங்க இது ஒரு வழி.

சிற்றலை நிலையங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், எண்களை மாற்றிக்கொள்ளும். அக்டோபர் மாற்றம் சரியாக நம் மழைக்காலத் தொடக்கத்தில் வருகிறது. ஆகவே கோடையில் எழுதிய தாளை நம்பாமல் நவம்பர் முதல் வாரத்தில் மறுபடி ஒருமுறை தேடி எழுதுங்கள். அட்டவணைகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம்.

பெட்டியைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். சீனாவின் நேரக் குறிப்பு நிலையம் 5,000, 10,000, 15,000 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கொரு முறை 'டிக் டிக்' என்று ஒலிக்கும். இரவில் 10,000இல் அந்த டிக் ஒலி கேட்டால் உங்கள் பெட்டியும் ஏரியலும் இடமும் சரி என்று பொருள்.

பெட்டியில் உள்ள பித்தான்கள்

கடைகளில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, முள் நகரும் பழைய வகை. விலை குறைவு. ஆனால் முள் ஒரு மயிரிழை நகர்ந்தால் ஐந்து நிலையம் தாண்டிவிடும். மலிவான பெட்டிகளில் ஒரே நிலையம் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் இடத்திலும் பொய்யாகக் கேட்கும். இன்னொன்று, எண்ணைத் திரையில் காட்டும் டிஜிட்டல் வகை. எண்ணை நேரடியாகத் தட்டலாம், நினைவில் சேமிக்கலாம். புயல் இரவில் 'நினைவு 1' என்று ஒரு பித்தானை அழுத்தினால் 720 வர வேண்டும் என்றால் இரண்டாவது வகைதான் நமக்கு ஏற்றது. '12 பேண்ட்' என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருப்பதால் மட்டும் ஏமாற வேண்டாம். சிற்றலையைப் பத்துத் துண்டாக வெட்டி எண்ணுவதுதான் அது.

டிஜிட்டல் பெட்டி வாங்கியதும் ஒன்றைக் கவனியுங்கள். மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே நம் நாட்டில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்காவில் 10. பெட்டி 10இல் வைக்கப்பட்டு வந்தால் 720 எடுக்கும், ஏனென்றால் அது இரண்டாலும் வகுபடும். ஆனால் திருச்சியின் 936 நேராக வந்து நிற்காது. "ரேடியோ சரியில்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு இந்த ஒரு அமைப்பு மட்டும்தான் கோளாறு. கையேட்டைப் பார்த்து 9க்கு மாற்றுங்கள்.

'லோக்கல், டி.எக்ஸ்.' என்று ஒரு பித்தான் இருக்கும். அருகில் உள்ள பலமான நிலையம் மற்ற இடங்களிலும் வழிந்து கேட்டால் லோக்கலில் வையுங்கள். தொலைவு தேடும்போது டி.எக்ஸ். 'எஸ்.எஸ்.பி.' என்று ஒன்று இருந்தால் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசுவதைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால் அவர்கள் பேச்சு வாத்து கத்துவதுபோல் இருக்கும். சாதாரண ஒலிபரப்பைக் கேட்க எஸ்.எஸ்.பி. வேண்டியதில்லை, அப்போது அதை அணைத்து வையுங்கள்.

அடுக்குமாடியில் எங்கே வைத்துக் கேட்பது?

நம் சுவர்களுக்குள் இரும்புக் கம்பிகள் கூடுபோல் ஓடுகின்றன. வீட்டின் நடுவில், படுக்கையறையில், அலைகள் பாதிதான் வரும். ஜன்னல் ஓரமும் பால்கனியும்தான் இடம். ஒரே ஜன்னலில் ஓரடி நகர்த்தினாலும் வித்தியாசம் தெரியும். கிரில்லை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: பெட்டியில் இழுத்து நீட்டுகிற ஏரியல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டும்தான். மத்திய அலைக்கான ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஒரு ஃபெரைட் கம்பியில் சுற்றப்பட்டிருக்கிறது. ஆகவே 720ஐ எடுக்க ஏரியலை நீட்டிப் பயனில்லை. பெட்டியையே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு திசையில் ஒலி பெருகும், ஒரு திசையில் மங்கும். இரைச்சல் மங்கி நிலையம் நிற்கிற திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிற்றலைக்கு ஐந்தாறு மீட்டர் சாதாரணப் பிளாஸ்டிக் உறை போட்ட மின்கம்பி போதும். ஒரு முனையைக் கிளிப் போட்டு நீட்டிய ஏரியலில் மாட்டி, மறுமுனையைப் பால்கனியில் துணி காயப்போடும் கொடியோடு கட்டுங்கள். கொடி இரும்புக் கம்பியாக இருந்தாலும் உறை இருப்பதால் பாதகமில்லை. எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஆனால் மூன்று எச்சரிக்கை. மின்வாரியக் கம்பி பக்கம் கம்பியை நீட்டவோ வீசவோ கூடாது. மொட்டை மாடியின் இடிதாங்கியோடு கட்டக் கூடாது. இடி மின்னல் தொடங்கினால் கம்பியைக் கழற்றி உள்ளே எடுத்துவிட்டு, பெட்டியின் சொந்த ஏரியலோடு மட்டும் கேளுங்கள். மழை நேரத்தில்தான் நமக்கு வானொலி வேண்டும் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நீளக் கம்பி இல்லாமல் எது எடுக்கிறது என்பதும் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இன்று சிற்றலையைக் கெடுப்பது தூரம் அல்ல, நம் வீடுதான். எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சின்ன மின்சுற்று, போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், இன்வெர்ட்டர், லிஃப்ட்டின் மோட்டாரை வேகம் கூட்டிக் குறைக்கும் கருவி, மாடியில் உள்ள சூரிய மின் இன்வெர்ட்டர் எல்லாம் கரகரவென்று மத்திய அலையிலும் சிற்றலையிலும் இரைகின்றன. தரமாகச் செய்யப்பட்டவை குறைவாக இரையும். மலிவானவை அதிகமாக இரையும்.

கண்டுபிடிப்பது எளிது. வானொலியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். நிலையம் இல்லாத ஓர் எண்ணில் வைத்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு வீட்டு மின்பெட்டியில் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஆக்சிஜன் கருவி போன்ற மருத்துவச் சாதனம் ஓடும் வீடுகளில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். எந்த எம்.சி.பி. இறங்கியதும் இரைச்சல் நிற்கிறதோ, அந்த அறையில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அடாப்டரோ ஒரு பல்போதான் குற்றவாளியாக இருக்கும். எல்லாம் இறங்கியும் நிற்காவிட்டால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ படிக்கட்டு விளக்கிலிருந்தோ வருகிறது.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஊரே இருளில் இருக்கும் இரவில் இந்த இரைச்சல் எல்லாம் தானாகவே அடங்கிவிடும். சாதாரண நாளில் கேட்காத திருச்சி அன்றைக்குக் கணீரென்று கேட்கும். நம் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் படிக்கட்டு விளக்குகள் எரியும் என்பதால் அப்போது இரைச்சல் திரும்பும். அந்த நேரத்தில் படிக்கட்டுக்கு எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போங்கள்.

இன்னொரு பயனும் இருக்கிறது. சுவிட்சிலோ இணைப்பிலோ ஒயர் தளர்ந்து உள்ளே பொறி பறந்தால், மத்திய அலையில் பட்பட்டென்று ஒழுங்கற்ற வெடிப்பு கேட்கக்கூடும். ஒரு சுவிட்ச்போர்டின் அருகில் போகப் போக அந்தச் சத்தம் கூடினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வானொலி அங்கே தீ வருமுன் சொல்கிற காதாகவும் ஆகலாம்.

சங்க நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொதுவிளக்குகள் மாற்றும்போது, மொத்தமாக வாங்குமுன் ஒன்றை மட்டும் மாட்டி, அருகில் ஒரு வானொலியை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பேட்டரி

வெள்ளத்தில் கடை திறந்திருக்காது. ஆகவே பென்சில் பேட்டரி போடும் பெட்டியாக இருந்தால் நல்லது. டார்ச்சுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் அதே பேட்டரிதான், கடிகாரத்திலிருந்துகூடக் கழற்றிப் போடலாம். சார்ஜ் செய்யும் வகையாக இருந்தால் பவர்பேங்க்கில் ஏற்றிவிட்டுப் பிறகு கேளுங்கள். ஏற்றிக்கொண்டே கேட்டால் இரையும். பேட்டரியைப் பெட்டிக்குள்ளேயே விட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஒழுகி உள்ளே அரித்துவிடும். கழற்றி, பெட்டியோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். இயர்போனில் கேட்டால் பேட்டரி இன்னும் நாள் வரும்.

புயல் நாளில் விடாமல் ஓட்ட வேண்டியதும் இல்லை. செய்தி நேரங்களைத் தெரிந்துகொண்டு, அப்போது மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் போடுங்கள். அப்படிப் போட்டால் ஒரு ஜோடி பேட்டரி பல நாள் வரும்.

கேட்பது, பேசுவது

நம் பெட்டி கேட்கத்தான், பேச அல்ல. ஒலிபரப்பைக் கேட்க உரிமம் எதுவும் தேவையில்லை. பேச வேண்டுமானால் அரசின் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெற வேண்டும். அதன் அருமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் அந்தமானில் வானொலி நிலையம் அமைக்கப் போர்ட் பிளேர் போயிருந்தார்கள். உலகெங்கும் உள்ள அமெச்சூர்களோடு பேசிப் பதிவு செய்வதுதான் திட்டம். டிசம்பர் 26 காலையில் நிலநடுக்கம், அடுத்து சுனாமி. தீவுகளின் தொலைபேசி இணைப்புகள் விழுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளால் தீவின் நிலைமையை நிலப்பகுதிக்குச் சொன்னார்கள். "இன்னார் உயிரோடு இருக்கிறார்" என்ற செய்தி எத்தனையோ வீடுகளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் அங்கே தயாராக இருந்தது தற்செயல். ஆனால் கருவியை இயக்கத் தெரிந்திருந்தது தற்செயல் அல்ல, பல ஆண்டுப் பழக்கம். எஸ்.எஸ்.பி. உள்ள பெட்டி வைத்திருப்பவர்கள் காலை வேளையில் 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டு அமெச்சூர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வது கேட்கும். நம் பிள்ளைகளில் ஒருவர் அந்தத் தேர்வு எழுதினால் இந்த வளாகத்துக்கே பலம்.

வதந்திக்கு மருந்து

2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி ஓடியது நினைவிருக்கும். ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு வந்தால் நள்ளிரவில் வயதானவர்களை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அல்லது உண்மையான எச்சரிக்கை வரும்போது இதுவும் வதந்திதான் என்று படுத்துவிடுவோம். இரண்டும் ஆபத்து. குழுவில் ஒரு செய்தி வந்ததும், "வானொலியில் சொன்னார்களா?" என்று கேட்கிற வழக்கம் நமக்கு வர வேண்டும். அதற்குப் பதில் சொல்ல பிளாக்குக்கு ஒருவர் வேண்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: நிலையம், எண், நேரம், வீட்டில் எந்த இடம், எவ்வளவு தெளிவு. காலையில் பதினைந்து நிமிடம், இரவில் பதினைந்து நிமிடம், ஒரு வாரம் கேட்டு நிரப்புங்கள். முதலில் பண்பலை, பிறகு 720, பிறகு இரவில் வெளியூர் மத்திய அலைகள், கடைசியில் சிற்றலை. ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி நேரங்களை நீங்களே கேட்டுக் குறியுங்கள். கடைசி நாள் வீட்டு மின்சாரத்தை அரை மணி நேரம் அணைத்துவிட்டு, இருட்டில், தாளைப் பார்த்துப் பெட்டியை இயக்கச் சொல்லி வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் சோதியுங்கள். பாட்டியும் பத்து வயதுப் பையனும் 720ஐப் பிடித்துவிட்டால் உங்கள் வீடு தயார்.

ஒரே பிளாக்கில் மூன்றாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும், கிழக்கு ஜன்னலுக்கும் மேற்கு ஜன்னலுக்கும் வித்தியாசம் இருக்கும். ஆகவே தாளின் ஒரு பிரதியைச் செக்யூரிட்டி அறையில் கொடுங்கள். எல்லாத் தாள்களையும் சேர்த்து பிளாக்குக்கு ஒரு அட்டை தயாரித்து, லிஃப்ட் அருகே அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். யார் வீட்டில் பெட்டி இருக்கிறது, எந்த வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது என்பதும் அதில் இருக்கும்.

பரணில் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் தூசி தட்டி எடுங்கள். திருகில் கரகரப்பு இருந்தாலும் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வரும் ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் கூடுவோம். சூரியன் மறைகிற நேரம் என்பதால் பகல் நிலையங்கள் அடங்கி இரவு நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுவதை அங்கேயே கேட்கலாம். பெட்டி இல்லாதவர்களும் வாருங்கள், குழந்தைகளை அவசியம் கூட்டி வாருங்கள். ஆளுக்கு ஒரு பேனாவும் தாளும் மட்டும் மறக்காதீர்கள்.